க்ரோத்தோ: புவெனஸ் ஐரிஸுக்குப் புதிதாக வருபவர்கள் இந்தச் சொல்லை எப்படிக் கையாள்வது

வந்து மூன்றாவது மாதம். ஒரு ஞாயிறு மதியம் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் அசாதோ, அதாவது கரி நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாயங்காலம் வரை சாப்பிடும் விருந்து. வீட்டு விசேஷம்தானே என்று ரப்பர் செருப்பு, முழங்காலில் நூல் பிரிந்த பேன்ட், துவைக்கும்போது மற்ற துணிகளின் சாயம் ஏறி மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாய் ஆன ஒரு டி-ஷர்ட் என்று போய் நின்றேன். நண்பனின் அம்மா தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "எஸ்தாஸ் எச்சோ உன் க்ரோத்தோ!" என்றார்.

கைப்பேசியில் தேடினேன். மொழிபெயர்ப்புச் செயலி காட்டியது ஒரு செடியை. நம் ஊர் வீட்டு வாசல்களில் தொட்டியில் நிற்குமே, மஞ்சள் சிவப்புப் புள்ளி போட்ட இலையோடு, அதே குரோட்டன்ஸ். சட்டை நிறத்தைத்தான் பாராட்டுகிறார் போல என்று நினைத்து, "முச்சாஸ் கிராசியாஸ்" என்று நெஞ்சில் கைவைத்து ரொம்ப நன்றி சொன்னேன். மாடியே சிரித்தது. அவர் சொன்னது, "பிச்சைக்காரக் கோலத்தில் வந்து நிற்கிறாயே" என்பது.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. அதே சொல்லை வைத்து நான் செய்த இரண்டாவது தப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அது நான்காம் படியில் வருகிறது. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

கையில் இருக்க வேண்டியவை: இணையம் உள்ள ஒரு கைப்பேசி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு, தப்பாகப் பேசினால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவர். மூன்றாவதுதான் கிடைப்பது கடினம். அர்ஜென்டினாக்காரர்கள் அன்பு காரணமாகத் திருத்தமாட்டார்கள், "பேசுறே, நல்லாத்தான் பேசுறே" என்று விட்டுவிடுவார்கள்.

செலவு: முதல் மூன்று படிகளுக்கு ஒரு காசும் இல்லை. அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால்தான் பணம். பெசோவில் எவ்வளவு என்று இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், அந்த ஊர் விலைவாசி அப்படி.

நேரம்: அகராதி பார்க்க அரை மணி. காதால் கேட்டுப் பழக மூன்று நான்கு வாரம். சொல்லத் தொடங்குவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எழுத்தையும் உச்சரிப்பையும் முதலில் சரிசெய்யுங்கள்

எழுத்துகள்: சி, ஆர், ஓ, டி, ஓ (croto). ஒரே ஒரு டி. இரண்டு டி போட்டுத் தேடினால் ஒரு அரசியல்வாதியின் குடும்பப் பெயர் வரும். அவரைப் பற்றி மூன்றாம் படியில் இரண்டு வரி இருக்கிறது.

தமிழர்களுக்கு இதில் இரண்டு இடத்தில் நாக்கு இடறும். நாம் 'குரோட்டோ' என்று நடுவில் ட போடுவோம். ஸ்பானிஷ் டி நம் ட அல்ல. 'பத்து' என்பதில் வரும் த்த போல, நாக்கு மேல்பல்லைத் தொட வேண்டும். அதனால்தான் இங்கே க்ரோத்தோ என்று எழுதுகிறேன். அடுத்தது, முன்னால் ஒரு உகரத்தை நுழைத்துக் 'கு-ரோ' என்று இழுக்காதீர்கள். க்ரோ, ஒரே மூச்சில். பெண்பாலுக்கு க்ரோத்தா.

ரகரத்தை விழுங்கினாலும் சிக்கல்தான். கோத்தோ என்றால் அங்கே ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட். "நான் ஒரு சூப்பர் மார்க்கெட் மாதிரி வந்திருக்கிறேன்" என்று நான் ஒருமுறை சொல்லியாயிற்று.

2. எந்த அகராதி, எந்த வரிசையில்

மொழிபெயர்ப்புச் செயலியை ஒதுக்கி வையுங்கள். அது ஸ்பானிஷ் பேசும் இருபது நாடுகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கித் தருகிறது. செடிக்கு மெக்சிகோ பக்கம் க்ரோத்தோ என்று பெயர் உண்டு என்பது உண்மைதான். ஆனால் புவெனஸ் ஐரிஸில் ஒரு அம்மா உங்கள் பேன்ட்டைப் பார்த்துச் சொல்லும்போது அது செடியாக இருக்க முடியாது.

முதலில் மாட்ரிட்டில் உள்ள ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் இணைய அகராதி. இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம். சொல்லின் தலைப்பில் ஆண்பால் வடிவம், ஒரு காற்புள்ளி, அப்புறம் பெண்பால் ஈறு மட்டும் தனியாக இருக்கும். அதைத் தனிச் சொல் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். பொருளுக்கு முன்னால் வரும் குறுக்கங்களைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். 'ஆர்க்' என்றால் அர்ஜென்டினா, 'ஊர்' என்றால் உருகுவாய், 'கொலோக்' என்றால் பேச்சுவழக்கு, 'தெஸ்பெக்த்' என்றால் இழிவுத்தொனி. 'தேசூஸ்' என்று இருந்தால் வழக்கொழிந்த சொல். அதைச் சொன்னால் செத்துப்போன தாத்தா பேசுவதுபோல இருக்கும். நான் முதல் ஆறு மாதம் இந்தக் குறுக்கங்களைத் தாண்டித் தாண்டிப் பொருளை மட்டும் படித்தேன். பொட்டலத்தில் போட்டிருக்கும் தேதியைப் பார்க்காமல் பால் வாங்குகிற கதை.

இரண்டாவது, ஸ்பானிஷ் மொழிக் கழகங்களின் கூட்டமைப்பு 2010-இல் வெளியிட்ட அமெரிக்கச் சொல் அகராதி. இதுவும் இணையத்தில் இலவசம். எந்த நாட்டில் எந்தப் பொருள் என்று நாடு வாரியாகப் பிரித்துத் தருவதால் நம் வேலைக்கு முதல் அகராதியைவிட இதுதான் அதிகம் உதவும்.

மூன்றாவதுதான் அச்சுப் புத்தகம். புவெனஸ் ஐரிஸின் கொச்சைமொழிக்கு லுன்ஃபார்தோ என்று பெயர். இத்தாலியிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களின் சொற்கள் உள்ளூர் ஸ்பானிஷில் கலந்து உருவானது. அதை ஆராயவென்றே 1962 முதல் அங்கே ஒரு கழகம் இருக்கிறது. ஒஸ்கார் கொந்தே தொகுத்த லுன்ஃபார்தோ சொற்பிறப்பு அகராதி ஒன்று போதும். புதிதாக வாங்காதீர்கள். கொர்ரியெந்தெஸ் அவென்யூவின் பழைய புத்தகக் கடைகளிலோ, ரிவதாவியா பூங்காவின் புத்தகக் கடை வரிசையிலோ விசாரியுங்கள். ஒரு கடையில் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு அனுப்பிவைப்பார்கள். எனக்கு நான்காவது கடையில் கிடைத்தது, முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தது.

3. ஒரே சொல், நான்கு பொருள்: பிரித்துக்கொள்ளுங்கள்

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். காதில் விழும் ஒவ்வொரு க்ரோத்தோவையும் எது என்று அந்தந்தப் பத்தியில் குறித்து வையுங்கள். மூன்று வாரத்தில் தெளிந்துவிடும்.

ஒன்று, அடிப்பொருள்: வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிபவர், கையேந்துபவர். நம் 'பரதேசி' இதற்கு ரொம்ப நெருக்கம். பரதேசியும் முதலில் வேற்றூர்க்காரன்தான். அப்புறம் யாத்திரைக்காரன், அப்புறம் பிச்சைக்காரன், கடைசியில் திட்டு. க்ரோத்தோவும் அதே வழியில் வந்ததுதான்.

இரண்டு, உடை: 'எச்சோ உன் க்ரோத்தோ' என்றால் க்ரோத்தோவாக ஆகி நிற்கிறாய், அதாவது பஞ்சப் பரதேசி கோலம். இன்று உங்கள் காதில் அதிகம் விழப்போவது இதுதான். மகன் கிழிந்த ஜீன்ஸோடு கிளம்பும்போது அம்மா சொல்வது, ஞாயிற்றுக்கிழமை தாடி மழிக்காத கணவனைப் பார்த்து மனைவி சொல்வது.

மூன்று, பொருளோ இடமோ: மட்டமானது, அழுக்கானது. "உன் ஓத்தெல் ரே க்ரோத்தோ" என்றால் படு மட்டமான ஓட்டல். 'ரே' என்பது அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் முன்னால் ஒட்டும் 'ரொம்ப'.

நான்கு, கால்பந்து: பந்தை வாங்கத் தெரியாத ஆட்டக்காரன். இதில் ஏழ்மைக்கு வேலையே இல்லை. பல கோடி சம்பளம் வாங்கும் முன்கள வீரனைப் பார்த்து, "க்ரோத்தோ!" என்று டிவியை நோக்கிக் கத்துவார்கள். இதைத் தெரியாமல், அந்த வீரர் சின்ன வயதில் தெருவில் வளர்ந்தாரா என்று ஒரு பாரில் கேட்டுவிட்டு அசடு வழிந்தேன்.

சொல் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள், அதனால் சுருக்கமாக. 1918 முதல் 1921 வரை புவெனஸ் ஐரிஸ் மாகாண ஆளுநராக இருந்தவர் ஹோசே கமிலோ க்ரோத்தோ. இவருக்குத்தான் இரண்டு டி. அறுவடைக்கு ஊர்விட்டு ஊர் போகும் கூலித் தொழிலாளிகள் சரக்கு ரயிலில் காசு இல்லாமல் போக அவர் வழிவிட்டார். டிக்கெட் கேட்டால், "க்ரோத்தோ பேரில் போகிறேன்" என்பார்கள், அதுவே அவர்கள் பெயராக ஒட்டிக்கொண்டது என்பது ஊர்க்கதை. இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் க்ரோத்தோ முதலில் பிச்சைக்காரன் அல்ல, வேலை தேடிப் போனவன். தன்னைத் தானே க்ரோத்தோ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட பழைய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சொல்லின் கடுப்பும் செல்லமும் இரண்டுமே அங்கிருந்துதான்.

4. யாரைப் பற்றி, யார் காதில் விழ: இதுதான் முக்கியமான படி

மாடியில் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. இது ஜாலியான சொல், எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லலாம். ஒரு வாரம் அலுவலகத்தில் என்னைப் பற்றியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

அப்புறம் ஒரு மாலை வீடு திரும்புகிறேன். எங்கள் கட்டட வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய வெள்ளைச் சாக்கு கட்டிய தள்ளுவண்டி, மேலே மடித்து அடுக்கிய அட்டைப் பெட்டிகள். படியை அடைத்தாற்போல உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். உள்ளே கட்டடக் காவலாளி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கற்ற வித்தையைக் காட்டும் குஷியில், கதவைப் பிடித்தபடியே அவரிடம் சொன்னேன்: "வாசலில் ஒரு க்ரோத்தோ இருக்கிறார்."

காவலாளி பதில் சொல்லவில்லை. துடைப்பத்தை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பின்னாலிருந்து குரல் வந்தது, கோபமே இல்லாத குரல்: "க்ரோத்தோ நோ, மாயெஸ்த்ரோ. கார்த்தோனேரோ." சொல்லிவிட்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார், எழுந்து வண்டியை நகர்த்திப் படியில் எனக்கு வழிவிட்டார்.

மாயெஸ்த்ரோ என்பது நம் 'அண்ணே' போல ஒரு விளி. கார்த்தோனேரோ என்பது வேலை. அட்டை, காகிதம், பாட்டில் பொறுக்கி, தரம் பிரித்து, எடைபோட்டு விற்பவர். 2001-இல் அந்த நாட்டுப் பொருளாதாரம் கவிழ்ந்தபோது வேலை போன பல்லாயிரம் பேர் இதில்தான் இறங்கினார்கள். 2002-இல் நகரம் 992-ஆம் எண் சட்டத்தின் மூலம் இவர்கள் வேலையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்று பலர் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அலுவல் மொழியில் 'ரெக்குப்பெராதோர் உர்பானோ', நகர்ப்புற மீட்பாளர். அவரைத்தான் நான் பிச்சைக்காரன் என்று சொல்லியிருக்கிறேன், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

எனவே வாயைத் திறக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்:

உங்களைப் பற்றியா? தாராளமாகச் சொல்லலாம். "எஸ்தோய் எச்சோ உன் க்ரோத்தோ, குளித்துவிட்டு வருகிறேன்" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நெருங்கிய நண்பனின் உடையைப் பற்றியா? அவன் உங்களை முதலில் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். அதோடு அவன் கையில் காசு இருக்கும் காலமாக இருக்க வேண்டும். வேலை போய் உட்கார்ந்திருப்பவனிடம் அதே சொல் கத்தி.

அலுவலக மேலாளர், நண்பனின் மாமனார், வீட்டு உரிமையாளர்? வேண்டாம். அவர்கள் உங்களைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

தெருவில் உண்மையிலேயே படுத்திருப்பவரா? ஒருபோதும் வேண்டாம். அவருக்குக் கேட்காது, ஸ்பானிஷ் தெரியாத தமிழ் நண்பரிடம்தானே சொல்கிறோம் என்றும் வேண்டாம். தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் வந்தாலும் அந்த ஒரு சொல் அவருக்குப் புரியும்.

உள்ளூர்க்காரர்களே தெருவில் இருப்பவரை அப்படிச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். சொல்கிறார்கள்தான். அவர்களைப் பார்த்து நாமும் தொடங்கினால் நம் வாயில் அது இரண்டு மடங்கு கெட்டதாகக் கேட்கும்.

5. பக்கத்தில் நிற்கும் சொற்கள்

க்ரோத்தோ தனியாக வராது, ஒரு கூட்டத்தோடு வரும். கலந்துவிடாமல் இருக்க:

லின்ஷேரா: மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிபவர். இத்தாலியின் வட்டார மொழியிலிருந்து வந்தது. எழுத்தில் ஒய் இருக்கும், ஆனால் அந்த ஊரில் அதை ஷ என்றே சொல்வார்கள். இன்று கொஞ்சம் பழைய வாசனை.

சிரூஹா: குப்பையில் துழாவுபவர். அறுவை மருத்துவரைக் குறிக்கும் சிரூஹானோவைக் கேலியாக வெட்டிச் சுருக்கியது. க்ரோத்தோவைவிடக் கடுமையானது, தொடாதீர்கள்.

அத்தொர்ரான்தே: முன்பு தெருவில் படுத்துக் கிடப்பவர், இப்போது சோம்பேறி, போக்கிரி. பாட்டிகள் பேரனைக் கொஞ்சவும் இதைச் சொல்வார்கள்.

கர்ரோனேரோ: ஓசிக்காரன். சிகரெட், காபி, பயணம் எதையும் அடுத்தவர் காசில் முடிப்பவன். இவனுக்கு வீடு இருக்கும், வேலையும் இருக்கும். பர்ஸ் மட்டும் வெளியே வராது.

மங்கேயார்: இது வினை. கேட்டு வாங்குவது, கையேந்துவது. நண்பனிடம் ஒரு சிகரெட் கேட்பதற்கும் இதுதான். இதையும் மங்கோவையும் குழப்பாதீர்கள். மங்கோ என்றால் கொச்சையில் பெசோ, காசு. "நோ தெங்கோ உன் மங்கோ" என்று யாராவது சொன்னால் அவர் கையில் காலணா இல்லை என்று பொருள். நான் ஒருவருக்குப் பழக்கடைக்கு வழி சொன்னேன்.

மெந்தீகோ, போர்தியோசேரோ: இவை எல்லா நாட்டிலும் புரியும் பொதுச்சொற்கள். முதலாவது எழுத்தில் வரும். இரண்டாவது 'கடவுள் பேரால்' என்ற கெஞ்சலிலிருந்து பிறந்தது. நம் 'அம்மா தாயே' பெயர்ச்சொல் ஆனால் எப்படியோ அப்படி.

6. சுரங்க ரயிலில்: கேட்பவரிடம் என்ன சொல்வது

சொல்லைக் கற்றால் போதாது, ஆளைச் சந்திக்கும்போது என்ன பேசுவது என்பதும் வேண்டும். சுப்தே என்னும் சுரங்க ரயிலில் தினமும் இரண்டு மூன்று பேராவது பெட்டிக்குள் வருவார்கள். சிலர் நின்று தங்கள் நிலையைச் சொல்லிக் கேட்பார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் உங்கள் மடியில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தையோ, சாமி படத்தையோ, ஒரு ஜோடி காலுறையையோ வைத்துவிட்டு நகர்வார்கள்.

இங்கேதான் புதியவர்கள் மாட்டுவது. அது இலவசம் அல்ல. பெட்டியின் கடைசி வரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பணம் அல்லது பொருள், இரண்டில் ஒன்றை வாங்கிப் போவார்கள். முதல் வாரம் நான் ஏதோ கம்பெனி விளம்பரத்துக்குத் தருகிறது என்று நினைத்து கைக்குட்டையைப் பைக்குள் போட்டுவிட்டுப் புத்தகத்தை விரித்துவிட்டேன். அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள், நான் நிமிர்ந்து புன்னகைத்தேன், அவள் நின்றாள், நான் மறுபடி புன்னகைத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் என் பையைச் சுட்டிக் காட்டினார்.

செய்ய வேண்டியது: மடியில் வைத்ததைத் தொடாமல் அப்படியே விடுங்கள், அல்லது திரும்பும்போது எடுத்து நீட்டி "கிராசியாஸ்" சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால் சில்லறையைக் கையில் தயாராக வைத்திருங்கள், கூட்டத்தில் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல, "திஸ்குல்பா, நோ தெங்கோ". மன்னியுங்க, இல்லை. வயதானவர் என்றால் மரியாதை வடிவம், "திஸ்குல்பே". வெறும் "நோ" முரட்டுத்தனம். முகத்தைத் திருப்பிக்கொள்வது அதைவிட மோசம். "தே தேபோ", அதாவது உனக்குக் கடன்பட்டிருக்கிறேன், என்றும் சொல்வார்கள்; கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வாயில் சரளமாக வரும் வரை காத்திருங்கள்.

7. எழுத்திலும் தேர்விலும் தொலைபேசியிலும்

கடிதம், விண்ணப்பம், வகுப்புக் கட்டுரை, அலுவலக மின்னஞ்சல்: எதிலும் க்ரோத்தோ கூடாது. அங்கே போட வேண்டியது 'பெர்சோனா என் சித்துவாசியோன் தே காஷே', தெருவில் வாழும் நிலையில் உள்ள நபர். வாய் நிறையச் சொல்ல வேண்டிய நீளம்தான், ஆனால் சட்டத்தில் இருப்பது இதுதான். நகரத்தின் 2010-ஆம் ஆண்டு 3706-ஆம் சட்டமும், 2021-இல் வந்த தேசிய அளவிலான 27.654-ஆம் சட்டமும் இந்தச் சொல்லையே எடுத்திருக்கின்றன.

அர்ஜென்டினாவின் சொந்த ஸ்பானிஷ் தேர்வான செலு எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். பாஸ்போர்ட் வேண்டும், கட்டணம் உண்டு, பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடும். எழுத்துப் பகுதியில் யாருக்கு எழுதுகிறோமோ அதற்கேற்ற நடை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதச் சொன்னால் கொச்சை எட்டிப் பார்க்கக் கூடாது.

நீளமான அந்தச் சொல் நிஜமாகவே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். நடைபாதையில் யாராவது போர்வை இல்லாமல் படுத்திருந்தால் 108-ஐ அழைக்கலாம். நம் ஊர் ஆம்புலன்ஸ் எண் என்பதால் மறக்காது. ஆனால் புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் 108 சமூக உதவிக்கான இலவச எண், ஆம்புலன்ஸ் 107. உடம்புக்கு முடியாமல் கிடந்தால் 107-தான். இரண்டையும் மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

அழைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லோரும் விடுதிக்குப் போக விரும்புவதில்லை. அழைத்தால் தெருப் பெயரும் கதவு எண்ணும், அல்லது எந்த இரு தெருக்கள் சந்திக்கும் முனை என்றும் சொல்லத் தயாராக இருங்கள். வண்டி உடனே வராது. நான் அழைத்த இரண்டு தடவையும் ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. காத்திருக்க முடியாவிட்டால் ஒரு சூடான காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

8. எல்லை தாண்டினால் சொல்லும் மாறும்

க்ரோத்தோ அர்ஜென்டினா சரக்கு. மாட்ரிட்டில் சொன்னால் என்ன என்று கேட்பார்கள். மெக்சிகோவில் செடி என்றே நினைக்கலாம். அங்கே லிமோஸ்னேரோ என்பார்கள். 'பிச்சைக்காரன், அதிலும் கையில் தடியோடு' என்று ஒரு பழமொழியும் உண்டு, ஓசியில் வாங்கிவிட்டுக் குறையும் சொல்பவனுக்கு. சிலி நாட்டில் கையேந்துவதற்கு மச்சேத்தேயார்.

ஆற்றைக் கடந்து உருகுவாய்த் தலைநகர் மொந்தெவிதேயோ போனால் பிச்சிக்கோமே என்பார்கள். முதல் தடவை காதில் விழுந்தபோது நம் பிச்சைதான் கப்பல் ஏறி வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, கடற்கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குபவர் என்ற ஆங்கிலச் சொல் உருகுவாய் வாயில் உருண்டு திரண்டது அது.

புது நாட்டுக்குப் போனால் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அரை மணி வேலைதான்.

9. உங்களைச் சொன்னால் என்ன பதில்

நன்றி மட்டும் சொல்லாதீர்கள். தோளைக் குலுக்கி, "இ புவேனோ, எஸ் தொமிங்கோ" என்றால் போதும். என்ன செய்ய, ஞாயிற்றுக்கிழமை. வார நாளில் சொன்னால் நாள் பெயரை மாற்றிவிட்டு எதிர்க்கேள்வி வருவதற்குள் பேச்சைத் திருப்புங்கள்.

அடுத்த அசாதோவுக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். கையில் ஒரு தொட்டி. நர்சரியில் க்ரோத்தோ என்று கேட்டால் புரியவில்லை, அங்கே க்ரோத்தோன் என்று கடைசியில் ஒரு ன் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நண்பனின் அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தொட்டியைச் சமையலறை ஜன்னலில் வைத்தார். ஜூலைக் குளிரில் பாதி இலை உதிர்ந்து, இப்போது ன் இல்லாமலே கூப்பிடலாம் போல நிற்கிறது.